வெட்டக் கூடாத எருக்கு

"அய்யா, இந்த ஒத்தச் செடிய மட்டும் விட்டுட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தண்ணீர்க் குடத்தோடு எருக்கஞ்செடிக்குக் குறுக்கே நின்றாள் சோலையம்மாள். ராயப்பராஜுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து வெயிலில் காய்ந்து, அந்த ஊரின் பொது நிலத்தில் இருந்த கள்ளி, ஊமத்தை, எருக்கு எல்லாவற்றையும் வேரோடு தோண்டி எடுத்தாயிற்று. பிள்ளையார் கோயில் வெள்ளெருக்கை மட்டும் விட்டுவைத்தான். சாமிக்கு உரியதைத் தொடக் கூடாது என்பது யூனியன் உத்தரவு. பாக்கி, மந்தை ஓரத்தில் நிற்கிற இந்த ஒன்றுதான்.

"ஆடுகூட வாய் வைக்காத செடிம்மா இது. இதுக்குப் போயி யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

"நான் தெனமும் ஊத்துறேன். அது நல்லா இருந்தாத்தான் நான் நல்லா இருப்பேன்."

ராயப்பராஜ் திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவன். விஷச்செடி ஒழிப்புக்கென்று யூனியன் ஆபீஸில் தற்காலிகமாகப் போட்டிருந்த மேற்பார்வையாளர். மறுநாள் கமிஷனர் பார்வையிட வருகிறார். 'பையன் கெட்டிக்காரன், ஊரையே சுத்தம் பண்ணிட்டான்' என்று பஞ்சாயத்து பிரசிடெண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் அப்பாவின் பூட்டுப் பட்டறையில் போய் மறுபடி அரம் பிடிக்க வேண்டியதுதான்.

"சடையாண்டி, வெட்டுய்யா."

வேலையாட்களின் மேஸ்திரி சடையாண்டி இதே ஊர்க்காரன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"கை சுளுக்கிக்கிருச்சு அய்யா."

"இம்புட்டு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"இப்பத்தான் அய்யா சுளுக்குச்சு."

மற்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்தால் ஒருத்தனுக்கு வயிற்று வலியாம், இன்னொருத்தனுக்கு வெற்றிலை வாங்கப் போகணுமாம். கூட்டுக் களவாணிகள் என்று பல்லைக் கடித்தான் ராயப்பராஜ்.

"என்ன தம்பி, இன்னுமா நிக்குது இது?"

பிரசிடெண்டு மொக்கைச்சாமி வந்துகொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். மீசைக்குப் புதுசாக மை, தலையில் கமகமவென்று வாசனை எண்ணெய், கையில் கடப்பாரை. எங்க ஊரிலேதான் முதலில் ஆரம்பிக்கணும் என்று யூனியனில் ஒற்றைக் காலில் நின்றவர் இவர்தான். இப்படி ஒரு கடமை வீரர் ஜில்லாவிலேயே கிடையாது என்பது ராயப்பராஜின் அபிப்பிராயம்.

"இந்தப் பொண்ணு வெட்ட விட மாட்டேங்குது."

"அது கெடக்கு, சின்னக் கழுத. சட்டம்னா சட்டம். வெட்டுங்க தம்பி."

"கடப்பாரைதான் கொண்டாந்திருக்கீங்களே. நீங்களே ஒரு போடு போடுங்களேன்."

மொக்கைச்சாமி கடப்பாரையைச் சட்டென்று அவன் கையில் திணித்தார். "நான் வெட்டக் கூடாது. சர்க்கார் வேலைய சர்க்காருதான் செய்யணும்."

என்ன மனுஷன் என்று மெய்சிலிர்த்துப் போய்க் கடப்பாரையை ஓங்கினான் ராயப்பராஜ். சோலையம்மாள் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் முட்டியது.

"என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு அய்யா. வேற என்னத்தச் சொல்ல?"

பிரசிடெண்டைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். ராயப்பராஜுக்குத் தன் தங்கை ஞாபகம் வந்தது. பாவமாக இருந்தது. அதற்காக வேலையை விட முடியுமா? வேர் எங்கே ஓடுகிறது என்று குனிந்து இலைகளை விலக்கினான். விலக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அடித்தண்டில் மஞ்சள் கயிறு. அதன்மேல் குங்குமம்.

ஆத்தாடி, ஊர்ச் சாமியை அல்லவா வெட்டப் பார்த்தோம். ஆட்களுக்குக் கை ஏன் சுளுக்கியது என்று இப்போது புரிந்தது.

"பிரசிடெண்டய்யா, இந்தக் கயித்தக் கட்டுனது யாரு?"

மொக்கைச்சாமியின் முகம் மாறியது. "அது வந்து... நான்தான்."

"நீங்களே கட்டிட்டு நீங்களே வெட்டச் சொல்றீங்களா? என் வேலைக்காகச் சாமியவே விட்டுக்குடுக்கத் துணிஞ்சிட்டீங்களே."

"சாமியெல்லாம் இல்ல தம்பி, அது..."

"ஒண்ணும் பேசாதீங்க. உங்க பெரிய மனசு எனக்குத் தெரியும். வேலை போனாலும் போகட்டும், இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

செடியைச் சுற்றி முள்வேலி கட்டச் சொன்னான். ஒரு பலகையில் தாரால் தானே எழுதினான்: 'வழிபாட்டுச் செடி. வெட்டக் கூடாது. யூனியன் உத்தரவு.' இனிமேல் யாரும் இதைத் தொட முடியாது என்று பிரசிடெண்டுக்கு ஆறுதலும் சொன்னான். அவர் கடப்பாரையைத் திரும்ப வாங்கித் தரையில் இழுத்தபடி போனார். சோலையம்மாள் குடத்துத் தண்ணீர் முழுவதையும் வேரில் ஊற்றிவிட்டுச் சிரித்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சடையாண்டி சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். சுளுக்குப் போன இடம் தெரியவில்லை. வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"என்னய்யா சிரிப்பு? பிரசிடெண்டு ஏன் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறாரு?"

"பின்ன என்னய்யா, ரெண்டு பொண்டாட்டிய மண்ணுக்குக் குடுத்தவரு. மூணாந்தாரம் தங்காதுன்னு அந்த எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டுனாரு. அது செத்தாத்தான் நாலாந்தாரமா சோலையம்மாளக் கட்ட முடியும். கட்டுன கை வெட்டக் கூடாது, ஊர்க்காரன் எவனும் பாவத்துக்குத் துணை போக மாட்டான், அதான் சர்க்காரக் கூட்டியாந்தாரு."

சடையாண்டி பெடலை மிதித்துக்கொண்டே சொன்னான்: "அய்யாவுக்கு வேலை நிரந்தரமாகுமோ ஆகாதோ, அவருக்குப் பொண்டாட்டிய நிரந்தரமாக்கிட்டீங்க."