பிரேக்கில் ஒரு கால்

பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று ரொபர்ட் கீழேயிருந்து மறுபடியும் கத்தினான்.

ஜெனிற்றா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். கால் பிரேக்கில்தான் இருந்தது.

கித்துல்கலவுக்கு இறங்கும் தோட்டப் பாதை அது. இரண்டு பக்கமும் றப்பர் மரங்கள், நடுவில் பாதை என்ற பெயரில் குழிகள். முன்னால் போனது இரவல் வாங்கிய லொறி; அதை ரொபர்ட் ஓட்டினான். பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்தது அவளுடைய லொறி. எஞ்சின் செத்துப்போன அந்த லொறியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, புருஷன் பிரேக் போடும்போது தானும் போடுவதுதான் அவள் வேலை. ஊரில் வேறு எவனும் இதற்கு வரவில்லை. ரொபர்ட்டோடு ஒரு தடவை வேலைக்குப் போனவன் மறுதடவை போகமாட்டான்.

குழியில் விழுந்து முன் லொறியின் பின்சக்கரம் போய்விட்டது. டயர் கிழிந்து ரிம்மும் நெளிந்துவிட்டது. அதற்கும் அவளுக்குத்தான் ஏச்சு. அவள் கயிற்றைத் தொய்யவிடாமல் வந்திருந்தால் அவன் குழியைப் பார்த்திருப்பானாம். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவள் குழி காட்ட வேண்டுமாம்.

இறங்கி வந்து சக்கரத்தை ஓர் உதை உதைத்தான். அவள் லொறியின் முன்னால் வந்து, கயிற்றைப் பார்க்கிறான் போல, குனிந்து நிமிர்ந்தான். ஸ்பெயார் சக்கரம் முன் லொறியின் வால்பக்கம் அடியில் தொங்கியது. அதைக் கழற்ற மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தான். இரண்டு லொறிக்கும் நடுவில் ஓர் ஆள் கால் நீட்டும் இடம்தான் இருந்தது. அங்கே அவன் கால்கள் நீட்டிக் கிடந்தன.

பாதை சரியான இறக்கம். அவள் லொறியில் ஹேண்ட்பிரேக் பிடிக்காது, கியரும் விழாது. அத்தனை பாரத்தையும் அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது அவளுடைய வலது கால் ஒன்றுதான். கால் நடுங்கியது. வலி தொடைக்கு ஏறியது.

பதிவுப் புத்தகத்தில் ரொபர்ட்டின் பெயர் இருந்தாலும் லொறி அவளுடையதுதான். குவைத்தில் அடுத்தவள் வீட்டைக் கூட்டித் துடைத்து, அடுத்தவள் பிள்ளைக்குச் சோறூட்டி, சொந்த மகள் வயதுக்கு வந்ததைப் போனில் கேட்டு எடுத்த லொறி. தோட்டத்து மரக்கறியை டவுனுக்கு ஏற்றினால் போதும், இனி எந்த நாட்டுக்கும் போக வேண்டியதில்லை என்றுதான் எடுத்தாள். ரொபர்ட் குடித்துவிட்டுப் போய் அதைப் பாதையோர வடிகால் கானுக்குள் விட்டான். அவன் மேலில் ஒரு கீறல் கிடையாது. இப்போது மாவனல்லை கபூர் முதலாளிக்குப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கப் போகிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க மட்டும் கூப்பிட்டான்.

அடியில் நட் கழன்ற சத்தம் கேட்டது. வேலை சரியாக நடந்தால் அவனுக்குப் பேச்சு வரும். குரலில் ஏச்சு போய்க் கொஞ்சல்கூட வந்திருந்தது.

“போனாப் போவுது புள்ள. நீ இன்னொரு ரெண்டு வருஷம் குவைத்துக்குப் போயிட்டு வந்தீனா, இதவிடப் பெருசா ஒன்னு எடுத்துறலாம்.”

ஜெனிற்றா காலைத் தூக்கினாள்.

கால் வழுக்கவில்லை. மரத்துப்போகவும் இல்லை. அவள்தான் தூக்கினாள்.

லொறி அசையவில்லை.

குனிந்து பார்த்தாள். கால் பிரேக்குக்கு மேலே, செருப்போடு, அந்தரத்தில் இருந்தது. கீழே ரொபர்ட் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான்.

காலைத் திரும்ப வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஸ்பெயார் சக்கரம் வெளியே வந்தது. ஜெக் ஏறியது. நெளிந்த சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றதை மாட்டி நட்டுகளை முறுக்கினான். அவ்வளவு நேரமும் அவள் இரண்டு காலையும் சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இருந்தாள்.

கடைசியில் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். இனிமேல் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொள், நான் கல்லை எடுக்கப் போகிறேன் என்றான்.

எந்தக் கல் என்று கேட்டாள்.

முன்சக்கரம் இரண்டுக்கும் கல் வைத்திருக்கிறானாம். அடியில் படுப்பதற்கு முன்பே வைத்துவிட்டானாம். சொல்லும்போதே சிரித்தான்.

“பின்ன, ஒன் கால நம்பியா நான் அடியில படுப்பேன்?”

ஜெனிற்றாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. குவைத்தில் ஒரு பெரிய வீட்டின் சாவிக்கொத்து முழுவதும் அவளிடம் கிடந்தது. கழுத்து நிற்காத பச்சைப் பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு அந்த மேடம் வெளியூர் போய் வந்திருக்கிறாள். பாஷை தெரியாதவளே நம்பினாள். மாதா கோயிலில் சாமியார் முன்னால் கைபிடித்த இவனுக்கு அவள் கால்மேல் நம்பிக்கை இல்லை.

கொஞ்சம் முன்னால் அதே கால் மேலே போனது அவளுக்கு மறந்துபோகவில்லை. அது வேறு விஷயம். இவன் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே முடிவுகட்டிவிட்டான்.

ரொபர்ட் முன்னால் போய் இரண்டு லொறிக்கும் நடுவில் குனிந்தான். முதல் கல் உருண்டுபோய்க் கானுக்குள் விழுந்தது.

இவன் நினைப்பு பொய் என்று இன்றைக்கே காட்டிவிட வேண்டும். அதற்காகவே ஜெனிற்றா பல்லைக் கடித்துக்கொண்டு, பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள்.