ரெண்டு மாசப் பட்டாளம்

“டெரிட்டோரியல் ஆர்மின்னா வருஷத்துல ரெண்டு மாசந்தான் பட்டாளமுங்க. மத்த நாளெல்லாம் நம்ம ஆபீஸ்தானுங்க. விண்ணப்பமும் போட்டுட்டனுங்க” என்று மோகன்குமார் கெஞ்சிப் பார்த்தான்.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் தண்டாயுதபாணி மசியவில்லை. “அதுக்குப் படிக்கோணும், ஓடிப் பழகோணும்னு நீ லீவு போட்டா, இங்க லோடு ஏத்தறத யாரு பாக்கறது?”

மோகன்குமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பட்டாளத்துக்காரங்க ஒழுக்கத்துல பாதியாச்சும் இந்த ஆபீசுல இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு, மேனேஜர் வேலையை அன்றைக்கே விட்டான்.

அதன்பிறகு விடியற்காலையில் கோழிப்பண்ணை ரோட்டில் ஓட்டம், பகலெல்லாம் படிப்பு. எழுத்துத் தேர்வில் தேறினான். நேர்காணலிலும் எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை.

கடைசியாக அதிகாரி கேட்டார். “விண்ணப்பத்துல லாரி ஆபீஸ் மேனேஜர்னு போட்டிருக்கீங்க. இப்பவும் அங்கதானே?”

“இல்லைங்க சார். இதுக்காகவே விட்டுட்டனுங்க” என்றான் பெருமையாக.

அதிகாரியின் முகம் வாடியது. “தம்பி, இது வேலையில இருக்கறவங்களுக்கான படை. கூப்பிட்டா வரணும், முடிஞ்சதும் சொந்த வேலைக்குத் திரும்பணும். வேலை இல்லாதவங்களை எடுக்க விதியில்லையே.”

வெளியே வந்ததும் தண்டாயுதபாணிக்குப் போன் போட்டான்.

“மொதலாளி, அன்னைக்குப் பேசுனது தப்புங்க. நாளைக்கே வேலைக்கு வந்தர்றனுங்க.”

“அடடா, போன வாரந்தான் சாமி உன்ற எடத்துக்கு ஆள் போட்டேன். நீ சொன்னது மனசுல குத்திக்கிட்டே இருந்துச்சு. அதான், பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவராத் தேடிப் புடிச்சேன்.”