எட்டாம் மாத ஆட்டம்

"மூக்குக் கண்ணாடியைத் தலையில ஏத்தி வச்சுக்கிட்டு, மேசைக்கு அடியில தேடுறாங்க டாக்டர்! இவங்களை எப்படி ஃபைனல்ல உட்கார வைக்கிறது?"

சதுரங்கக் கழகத்தின் செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கைப்பந்து சங்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு தலைவலி. இறுதிப் போட்டிக்கு வந்திருக்கும், எல்லோரும் 'குருவி' என்று கூப்பிடும் பெண்ணுக்கு எட்டாம் மாதம். நேற்று அரையிறுதியில் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டாள். அழுத்தினால்தான் தன் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். தோற்க வேண்டியவள் மயிரிழையில் தப்பித்தாள்.

"கர்ப்ப காலத்துல மறதி வரும் சார். ஹார்மோன் பண்ற வேலை" என்றார் போட்டிக்கு வந்திருந்த டாக்டரம்மா, தேநீரை ஊதியபடி. "மூளையில சில பகுதி லேசா சுருங்குறதைக்கூட ஸ்கேன்ல பார்த்திருக்காங்க."

"சுருங்குதா! நான் அப்பவே சொன்னேன்ல?"

"முழுசாக் கேளுங்க. செடியைக் கவாத்து பண்றோம், கிளையை வெட்டி விடுறோம், செத்தா போகுது? நல்லாத்தானே தழையுது. பேசத் தெரியாத குழந்தை பசியில அழுதா, வலியில அழுதான்னு முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கணும். அதுக்கு மூளை தன்னைத் தயார் பண்ணிக்குதுன்னு சொல்றாங்க. சாவியை எங்கே வச்சோம்கிறது அப்போ ரெண்டாம்பட்சம்."

"இங்கே கடிகாரம்தானே முக்கியம்! பிரசவம் முடிஞ்சு ஆடட்டுமே?"

"சாம்பியன் சம்மதிக்கணுமே" என்று டாக்டரம்மா தேநீர்க் கோப்பைக்குள் சிரித்துக்கொண்டார்.

சாம்பியன் சம்மதிக்கவில்லை. காதோரம் நரைத்த, நிமிர்ந்த முதுகுக்காரி. பல வருடமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக் கொடுக்காதவர். "ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. இன்னைக்கு ஆடலைன்னா பட்டம் என்கிட்டயே இருக்கும், அதுதான் விதி. வயித்துல புள்ளை இருந்தா மூளை ஓடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று செயலாளரை ஒரு பிடி பிடித்தார்.

"நான் ஆடுறேன் சார். இதுக்காகத்தான் சின்ன வயசுலேர்ந்து உழைச்சிருக்கேன். என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்றாள் குருவி. சொல்லும்போது கண் கலங்கியது. சாம்பியன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. போட்டி தொடங்கிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று கேள்வி. அவ்வளவு பகை போலிருக்கிறது என்று செயலாளர் நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, செயலாளர் பயந்தது நடந்தேவிட்டது. குருவி சிப்பாயை நகர்த்திவிட்டு, தண்ணீர் குடித்தாள். கடிகாரத்தை மறந்தே போனாள். அவளுடைய நேரம் கரைந்துகொண்டே இருந்தது. சாம்பியன் கையைக் கட்டிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

'கல்நெஞ்சக்காரி' என்று செயலாளர் பல்லைக் கடித்தார். எதிராளி வேண்டுமானால் நினைவுபடுத்தலாம், வெளியாள் யாரும் சொல்லக் கூடாது.

ஒருவழியாக குருவிக்கு உறைத்தது. பொத்தானைத் தட்டினாள். பாதி நேரம் பறிபோயிருந்தது.

அடுத்து நடந்ததை அந்த அரங்கம் இதற்கு முன் பார்த்ததில்லை. சாம்பியன் குதிரையை நகர்த்தினார். அதே நொடியில் எதிரே, சட்டைக்குள் அந்த வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து அடங்கியது. சாம்பியனின் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. கடிகாரத்தை அழுத்த அவர் மறந்துவிட்டார்!

குருவி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் விரலை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினாள். சாம்பியன் காது சிவக்க அதை அழுத்தினார்.

அதன் பிறகு குருவி பலகையைப் பார்க்கவில்லை, சாம்பியனின் முகத்தையே பார்த்தாள். பால்குடிக் குழந்தையின் முகத்தைப் படிக்கிற மாதிரி அப்படி ஒரு பார்வை. சாம்பியனின் இடது புருவம் கொஞ்சம்போல ஏறி இறங்கியது. அந்தச் சின்னப் பயம் குருவிக்குப் போதுமாக இருந்தது. குருவி தன் ராணியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிராளியின் குதிரை வாயில் வைத்தாள்.

'தொலைஞ்சது! ராணியையே மறந்துட்டா!' செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாம்பியன் ராணியை வெட்டினார். வெட்டாமல் இருக்க வழியில்லை. குதிரை விலகியதால் திறந்துகிடந்த வரிசையில் குருவியின் யானை இறங்கியது. ராஜா நகர ஒரு கட்டம்கூட இல்லை.

"செக்மேட்."

அரங்கம் அதிர்ந்தது. அறிமுகமில்லாதவர்கள் எல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். செயலாளரும் தன்னை மறந்து விசிலடித்தார்.

ஆனால் சாம்பியன் கை கொடுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றிக் குருவியை நோக்கி வந்தார். வம்பு வந்தது என்று செயலாளர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் சாம்பியன் குருவியின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். கண்ணீர் வழிய, முகமெல்லாம் சிரிப்பு.

"முதல் முதலா இந்தக் கோப்பையை நான் ஜெயிச்சப்போ, நீ எட்டு மாசமா இதுக்குள்ளதான்டி இருந்தே!"

"அப்போ அதுலயும் பாதி என்னோடதுதானேம்மா?" என்றாள் மகள்.