மேட்டுக்கு அரை டப்பா

உரக்கொட்டகைக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்: அக்கா, அவள் தம்பி, உரம் தூவ வந்திருக்கும் கூலிக்காரர். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே காலை வெயில் மூட்டைகளின் மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. இந்தப் போகமும் நட்டமானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அக்கா தரையில் ஒரு தாளை விரித்திருக்கிறாள். மூன்று அறுவடையாக மேடு, நடு, பள்ளம் என்று விளைச்சலைத் தனித்தனியாக எடை போட்டு, கட்டம் கட்டமாக அவள் வரைந்த வயல் அது. "மேட்டுல கட்டத்துக்கு அரை டப்பா, பள்ளத்துல ரெண்டு" என்கிறாள். "மேட்டுலதான்க்கா பயிர் நோஞ்சானா நிக்குது. அதுக்குப் போய் குறைக்கிறியே?" என்கிறான் தம்பி. "இத்தனை வருஷம் நீ அங்கதானே அள்ளிக் கொட்டினே? அடியில பூரா கல்லுடா. களைதான் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுது." கூலிக்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொள்கிறார். தம்பிக்குச் சுருக்கென்கிறது, ஆனாலும் தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரே வயல் என்று அவன் நடந்து திரிந்த இடத்தில் இவள் மூன்று வயலைக் கண்டுபிடித்திருக்கிறாள். டப்பாவை நிரப்பி விளிம்பை விரலால் வழித்து மட்டமாக்குகிறாள். ஒரு குருணைகூடச் சிந்தவில்லை. அவன் பழக்கதோஷத்தில் மேட்டுக்கென்று இன்னொரு மூட்டையைத் தோளில் ஏற்றுகிறான். அக்கா தடுக்கவில்லை. வாசல்வரை போனவன் தானாகவே திரும்பி வந்து அதை இறக்கி வைக்கிறான். "மேட்டை நீயே தூவிடுக்கா. எனக்குக் கை நிக்காது." அவனையும் கூலிக்காரரையும் முன்னால் போகவிட்டு, அக்கா கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.