வலேரி சொன்னது

"இண்டைக்கு டொக்டரம்மா பக்கத்தில நிண்டு கேப்பா, பாலேந்திரா. நீ ரஷ்யக் கோச் சொல்லுறதை ஒழுங்காத்தான் தமிழில சொல்லுறியோ எண்டு தெரிஞ்சுபோகும்" என்றார் கனகலிங்கம். லண்டனில் மிச்சம் என்ற ஊரின் வளர்மதி விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவர் அவர்.

"தாராளமாக் கேக்கட்டும் அண்ணை" என்றான் பாலேந்திரா. பயத்தைக் குரலில் காட்டவில்லை.

"குறை நினையாதை. அந்தாள் ரெண்டு சொல்லுச் சொன்னா நீ அஞ்சு நிமிசம் கதைக்கிறாய். கமிற்றியில நாலு பேர் முணுமுணுக்கினம்."

"ரஷ்ய மொழி அப்பிடி அண்ணை. சுருக்கமான மொழி."

1994 ஓகஸ்ட் மாதம். வெம்பிளியில் ஒரு பூங்காவில் தமிழ்க் கழகங்களின் கோடைக்கிண்ண இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. இடைவேளைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வளர்மதி ஒரு கோல் வாங்கியிருந்தது, ஒன்றும் அடிக்கவில்லை.

டொக்டர் டொலறஸ் மொஸ்கோவில் ஆறு வருடம் மருத்துவம் படித்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்தான் லண்டன் வந்தவர். ரஷ்ய மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

பாலேந்திராவும் மொஸ்கோவில் இருந்தவன்தான். லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்ற் அவனை எட்டு மாதம் ஓர் அறைக்குள் பூட்டாத குறையாக வைத்திருந்தான். பாண், தேத்தண்ணி, குளிர், பொலிஸ் என்ற நாலு சொல். அவனுடைய ரஷ்ய மொழி அவ்வளவுதான்.

ஆனால் உதைபந்தாட்டம் அவனுக்கு அத்துப்படி. "என்னைக் கோச்சாப் போடுங்கோ" என்று கமிற்றியிடம் இரண்டு தரம் கேட்டான். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்கிறவன், பெரிய பள்ளிக்கூட அணி எதிலும் ஆடாதவன், இவன் சொல்லி யார் கேட்பது என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் வலேரி வந்து சேர்ந்தார். எண்பதுகளில் ரஷ்யாவில் பேர்போன ஸ்ட்ரைக்கர். ஒன்பது வருடத்தில் நூற்றிநாலு கோல். முழங்கால் போனபின் ஒரு தொழிற்சாலை அணிக்குக் கோச். நாடு உடைந்தது, தொழிற்சாலையையும் மூடினார்கள். லண்டனுக்கு வந்து சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். தன் கடைக்குப் பெயின்ற் அடிக்க வந்தவரின் பையில் பழைய பத்திரிகைப் படங்களைக் கண்ட கனகலிங்கம் அன்றைக்கே அவரைக் கோச்சாக்கிவிட்டார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டுமே? "நீ மொஸ்கோவில இருந்தனிதானே" என்று பாலேந்திராவைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

பாலேந்திரா மறுக்கவில்லை. வெள்ளைக்காரர் சொன்னால் கமிற்றிக்கு வேதவாக்கு. அந்த வேதத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டால் போகிறது! வலேரி எதைச் சொன்னாலும் அவன் தன் திட்டத்தையே சொன்னான். இந்தக் கோடையில் வளர்மதி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

இன்றைக்குப் பிடிபட்டால் எல்லாம் போச்சு. கழகத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இடைவேளை விசில் ஊதியது. ஆட்டக்காரர்கள் வந்து புல்லில் விழுந்தார்கள். டொலறஸ் ஒரு ஜூஸ் பெட்டியோடு பாலேந்திராவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

வலேரி இன்று வழமையைவிட நீளமாகவே பேசினார். உள்ளங்கையால் எதையோ அழுத்தினார். விரல்களால் எதையோ தூவினார். கடைசியில் இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கித் திருகினார்.

"என்னவாம் அண்ணை?" என்றான் முன்வரிசையில் ஆடும் பீற்றர்.

ஒரு கணம்தான் பாலேந்திரா தயங்கினான். பிடிபடுவது பிடிபடட்டும், ஆட்டத்தை விடமாட்டேன் என்று நிமிர்ந்தான்.

"அவங்கட வலப்பக்கம் காக்கிற றைற் பெக் களைச்சுப்போனான். பீற்றர், நடுவில நிண்டு மினக்கெடாதை, இடப்பக்கம் போ. சூசைதாசன், நீ ஏறிப் போகாதை, பின்னால நிண்டு பந்தை நீளமா அவனுக்கு அடி. வெல்லுவம், பயப்பிடாதேங்கோ!"

பின்னால் டொலறஸ் இருமினார். ஜூஸ் புரைக்கேறியதோ, சிரிப்போ, பாலேந்திரா திரும்பிப் பார்க்கவில்லை.

பீற்றர் இடப்பக்கத்தால் ஓடி இரண்டு கோல் அடித்தான். கோட்டோரத்தில் டொலறஸும் வலேரியும் ரஷ்ய மொழியில் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தரம் இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பாலேந்திராவைப் பார்த்தார்கள். அவன் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் கனகலிங்கம் கிண்ணத்தோடு ஓடிவந்தார். "டொக்டர், இவன் சொன்னது சரியோ?"

"ஒரு சொல்லும் பிழையில்லை."

"நான் அப்பவே கமிற்றிக்குச் சொன்னனான்!" என்று கனகலிங்கம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாலேந்திரா டொலறஸை மறித்தான். "அக்கா, உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். ஏன் காட்டிக்குடுக்கேல்லை?"

"வலேரிதான் கேட்டவர். 'அவனைக் காட்டிக்குடுத்திடாதேங்கோ, இந்த அணிக்குக் கோச் அவன்தான்' எண்டு. முதல் ரெண்டு கிழமை அவர் பந்தைப் பற்றித்தான் சொன்னவராம். நீங்கள் வேற ஏதோ சொல்ல, பொடியள் அதைச் செய்து வெல்லுறதைப் பார்த்திட்டு, உங்கட திட்டம் தன்ரையை விடத் திறம் எண்டு, பந்தைப் பற்றிச் சொல்லுறதையே விட்டிட்டாராம்."

பாலேந்திரா தூரத்தில் நின்ற வலேரியைப் பார்த்தான். நூற்றிநாலு கோல் அடித்த மனிதர் சொல்லியிருக்கிறார்!

"அப்ப, இண்டைக்கு அவ்வளவு நேரம் என்னக்கா சொன்னவர்?"

டொலறஸ் இவ்வளவு நேரமும் அடக்கிய சிரிப்பை விட்டுவிட்டார்.

"குளிர்காலத்துக்கு வெள்ளரிக்காய் ஊறுகாய் போடுற விதம், தம்பி!"