வேற நம்பர்

சிவகாசிப் பட்டாசு அதிபர் கனகசபாபதி உரிமத்தோடு சேர்த்துவைத்திருந்த பழைய துப்பாக்கிகளில், உலகப்போர்க் கால ஜெர்மன் ரைஃபிள்தான் அவருக்கு உயிர். இணையத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு விருதுநகரிலிருந்து வந்த தனுஷ்கோடி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குழல்ல ஒரு நம்பர், குண்டத் தள்ளி ஏத்துற போல்ட்டுல வேற நம்பர். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் முழு வெல. இது பாதி வெலதான் போகும் அண்ணாச்சி.”

மட்டம்தட்டி அமுக்கப் பார்க்கிறான் என்று கனகசபாபதிக்குச் சுருக்கென்றது. ரைஃபிளை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

“விக்கிறதா இல்ல. கெளம்புங்க.”

“நான் வாங்க வரல.” தனுஷ்கோடி பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தார். “இது என் ரைஃபிள்ல கெடந்தது. உங்க குழல் நம்பர்தான் இதுல இருக்கு. என் குழல் நம்பர் உங்க போல்ட்டுல இருக்கு. எந்தக் காலத்துலயோ மாத்தி மாட்டிட்டாக.”

கனகசபாபதி எண்களை இரண்டு முறை ஒப்பிட்டார்.

“உக்காருங்க தம்பி. சாப்பிட்டுட்டு மாத்திக்கிருவோம்.”