நிரம்பிய கோப்பை

அந்த நாட்டில் யாரும் வாயால் மறுப்பதில்லை. விருந்தாளி கேட்டதற்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். சம்மதம் என்றால் நிரம்ப. வந்த புதிதில் தூதர் நல்லசிவம் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டார். பாதுகாப்புக் கூட்டணிக்கு இந்த ஒரு நாடும் வந்துவிட்டால் எதிரிக் கப்பல்கள் தன் நாட்டுக் கரையை நெருங்காது என்று நம்பி, அதன் பிறகு எத்தனையோ அரைக் கோப்பைகளைக் குடித்துத் தீர்த்துவிட்டார்.

இன்று அமைச்சர் செண்பகவல்லி அறைக்குள் வருவதற்குச் சற்று முன்னால் தூதரின் கைப்பேசிக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. தலைநகரம் எதிரியிடம் விழுந்துவிட்டது. வெளியுறவு அலுவலகத்தில் இனி யாரும் இல்லை.

அமைச்சர் தானே கெண்டியை எடுத்துச் சாய்த்தார். தேநீர் பாதியைத் தாண்டியது, விளிம்பைத் தொட்டது, வழிந்து தட்டில் தேங்கியது.

"அமைச்சரவையில ஒவ்வொருத்தர்கிட்டயா கெஞ்சி சம்மதிக்க வெச்சிட்டேன் ஐயா. இனி நாங்க உங்ககூட நிக்கிறோம்." அமைச்சர் கோப்பையைத் தட்டோடு நீட்டினார். "குடிங்க, ஆறிடும்."

நல்லசிவம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"உங்க ஊருக்கு நீங்களே முதல்ல சொல்லுங்க" என்று அமைச்சர் மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அலுவலகத்தின் மனப்பாடமான எண்களை நல்லசிவம் ஒவ்வொன்றாக அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ரிங் போகுதா ஐயா?" அமைச்சரின் முகமெல்லாம் சிரிப்பு.

"போகுதும்மா" என்றார்.